கிளாட் தேர்வின் கணக்குப் பகுதிக்குப் பயிற்சி செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

சட்டப் படிப்பு என்று முடிவெடுத்த பலர், பத்தாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவர்கள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான நுழைவுத் தேர்வான கிளாட்டின் விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் அது பின்னாலேயே வந்திருப்பது தெரிகிறது. 'குவான்டிடேட்டிவ் டெக்னிக்ஸ்' என்று பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். இளநிலை கிளாட்டில் இப்போது 120 கேள்விகள், 120 நிமிடம். கணக்கிலிருந்து 10 முதல் 14 கேள்விகள் வரும். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறான விடைக்கு 0.25 கழிவு. கால்குலேட்டர் கிடையாது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு சொல்லியிருக்கும் தரம் பத்தாம் வகுப்பு. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இதே தேர்வுதான். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் தனியாக நடத்தும் ஐலெட்டில் இப்போது கணக்குக்குத் தனிப் பகுதி இல்லை. அதை மட்டும் எழுதப்போகிறவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

பத்து சதவீதம்தானே, விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். விடக் கூடாது. தேர்வின் இன்னொரு பகுதியான நடப்பு நிகழ்வுகளில் எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சட்டத் தர்க்கத்தில் இரண்டு விடைகள் சரிபோலத் தோன்றும். கணக்கில் மட்டும்தான், போட்ட பிறகு 'இது சரி' என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம்.

எதைப் படிக்கலாம், எதை விடலாம்

2019 வரை கிளாட்டில் 200 கேள்விகள் இருந்தன, அதில் கணக்கு 20. அப்போதும் பங்கு பத்து சதவீதம்தான். ஆனால் கேள்வியின் குணம் வேறு. ஒரு வரியில் ஒரு கணக்கு, சூத்திரம் தெரிந்தால் விடை. 2020இல் முறை மாறியது. இப்போது ஒரு பத்தியோ அட்டவணையோ வரைபடமோ கொடுத்து, அதிலிருந்து தொடர்ச்சியாகச் சில கேள்விகள் கேட்கிறார்கள். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் 2019க்கு முந்தைய வழிகாட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு வரிசைமாற்றம், மடக்கை என்று மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த உழைப்பில் பாதிக்குமேல் வீண்.

படிக்க வேண்டியவை: சதவீதம், விகிதமும் விகிதசமமும், சராசரி, லாப நஷ்டம், தனிவட்டி, கூட்டுவட்டி, காலமும் வேலையும், வேகமும் தூரமும், எளிய சமன்பாடுகள், பரப்பளவு, கனஅளவு, அட்டவணை மற்றும் வரைபடங்கள். இவற்றில் சதவீதம், விகிதம், சராசரி மூன்றும் மற்ற எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருக்கும். உங்கள் நேரத்தில் பாதியை இந்த மூன்றுக்கே கொடுங்கள்.

அடிப்படை ஆட்டம் காண்கிறது என்றால், வெட்கப்படாமல் தமிழ்நாட்டுப் பாடநூலின் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுங்கள். அதில் 'வாழ்வியல் கணிதம்' என்று ஒரு இயல் இருக்கிறது. சதவீதம், லாப நஷ்டம், கூட்டுவட்டி, காலமும் வேலையும் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதை ஒரு வாரத்தில் முடித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பின் புள்ளியியலுக்கும் அளவியலுக்கும் போங்கள். போதும்.

முதல் படி: கை பழகுதல்

முதல் இரண்டு வாரம் கிளாட் கேள்வித்தாள் பக்கமே போகாதீர்கள். பின்னத்தைச் சதவீதமாகவும் சதவீதத்தைப் பின்னமாகவும் பார்த்தவுடன் மாற்றுவதற்கு மட்டும் பழகுங்கள். 1/6 என்றால் 16.67, 1/7 என்றால் 14.29, 1/8 என்றால் 12.5, 1/9 என்றால் 11.11, 1/11 என்றால் 9.09, 1/12 என்றால் 8.33. 37.5 சதவீதம் என்று பார்த்தால் 3/8 என்று தோன்ற வேண்டும். 880இல் 37.5 சதவீதம் எவ்வளவு என்றால், எட்டில் ஒரு பங்கு 110, மூன்று பங்கு 330. பேனா தேவையில்லை.

கூடவே ஒரு சின்ன விதி. ஒரு தொகை நான்கில் ஒரு பங்கு கூடினால், பழைய நிலைக்கு வர ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். 25 சதவீதம் ஏறியது 20 சதவீதம் இறங்கினாலே போதும். மூன்றில் ஒரு பங்கு கூடினால் நான்கில் ஒரு பங்கு குறைய வேண்டும். ஏன் என்று ஒருமுறை 100 வைத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள், பிறகு மறக்காது. 20 சதவீதம் ஏறி 20 சதவீதம் இறங்கினால் பழைய இடத்துக்கு வராது, 4 சதவீதம் நஷ்டம் என்பதும் இதே குடும்பம்தான்.

துல்லியமாகப் போடுவதைவிட உத்தேசமாகப் போடுவதற்குத்தான் இங்கே மதிப்பு. கூட்டமைப்பே பாடத்திட்டத்தில் புள்ளியியல் மதிப்பீடு என்று குறிப்பிட்டிருக்கிறது. ஒரு உண்மையான எண்ணையே எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2001இல் சுமார் 6.24 கோடி, 2011இல் சுமார் 7.21 கோடி. எத்தனை சதவீத வளர்ச்சி? வித்தியாசம் 0.97. 6.24இல் பத்து சதவீதம் 0.624, ஐந்து சதவீதம் 0.312, சேர்த்தால் 0.936. மிச்சம் 0.034, அது அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆக, பதினைந்தரைக்குப் பக்கத்தில். விடைப்பட்டியலில் 13.5, 15.6, 17.2, 19.1 என்று இருந்தால் இத்தோடு வேலை முடிந்தது. நெடுவகுத்தல் போட உட்காருபவர் இங்கே ஒரு நிமிடத்தை இழக்கிறார்.

இரண்டாம் படி: பத்தியை அட்டவணையாக்குதல்

இந்தப் பகுதியில் மதிப்பெண் போவது கணக்குத் தெரியாததால் அல்ல, பத்தியைத் தப்பாக வாசிப்பதால். 'சதவீதம்' என்ற சொல்லைப் பார்த்ததும் 'எதில் சதவீதம்' என்று கேட்காமல் தாண்டிப் போவதால். நான் பார்த்தவரை பிழைகளில் பெரிய பங்கு இதுதான். அதனால் இந்தப் படியில் கொஞ்சம் நின்று பார்ப்போம். நானே எழுதிய ஒரு பத்தி:

ஒரு சட்ட உதவி மையத்துக்கு முதல் ஆண்டில் 1,200 மனுக்கள் வந்தன. அவற்றில் 45 சதவீதம் குடும்ப வழக்குகள், 30 சதவீதம் தொழிலாளர் வழக்குகள், மீதி நுகர்வோர் வழக்குகள். இரண்டாம் ஆண்டில் மொத்த மனுக்கள் 25 சதவீதம் கூடின. குடும்ப வழக்குகளின் பங்கு 40 சதவீதமாகக் குறைந்தது. நுகர்வோர் வழக்குகள் முந்தைய ஆண்டைவிட 20 சதவீதம் கூடின. மீதி தொழிலாளர் வழக்குகள். இரண்டாம் ஆண்டின் குடும்ப வழக்குகளில் முடிந்தவையும் முடியாதவையும் 3:2 என்ற விகிதத்தில் இருந்தன. நுகர்வோர் வழக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்தது. அந்த ஆண்டின் மொத்த மனுக்களில் 60 சதவீதம் முடிவுக்கு வந்தன.

கேள்விகளைப் பார்ப்பதற்கு முன்பே, வினாத்தாளின் ஓரத்தில் மூன்று வரி போடுங்கள். குறுக்கே குடும்பம், தொழிலாளர், நுகர்வோர், மொத்தம் என்ற நான்கு தலைப்புகள்.

முதல் ஆண்டு: 540, 360, 300, 1,200
இரண்டாம் ஆண்டு: 600, 540, 360, 1,500
இரண்டாம் ஆண்டில் முடிந்தவை: 360, 300, 240, 900

இந்த மூன்று வரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 360 மூன்று இடத்தில் வந்திருக்கிறது. 540 இரண்டு இடத்தில், 300 இரண்டு இடத்தில். தலைப்புப் போடாமல் வெறும் எண்களாக ஓரத்தில் கிறுக்கியவர், நான்காவது கேள்விக்கு வரும்போது எந்த 360 எதற்கு என்று தெரியாமல் பத்தியை மறுபடி வாசிக்கப் போவார்.

இன்னொரு பொறி: 'நுகர்வோர் வழக்குகள் 20 சதவீதம் கூடின' என்ற இடம். அதற்கு முந்தைய வரியில் 40 சதவீதம் என்பது மொத்தத்தில் பங்கு. அந்த வேகத்திலேயே இதையும் மொத்தத்தில் 20 சதவீதம் என்று வாசித்தால் 1,500இல் 300 என்று எழுதிவிடுவோம். தொழிலாளர் வழக்கு 600 ஆகிவிடும். அதற்கப்புறம் கணக்கு எவ்வளவு சரியாகப் போட்டாலும் ஒரு பயனும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தப்பு விடைகளும் பட்டியலில் இருக்கும்.

இனிக் கேள்விகள். தொழிலாளர் வழக்குகள் எத்தனை சதவீதம் கூடின? 360 போய் 540, அதாவது 50 சதவீதம். உண்மையில் இதற்கு 1,200 என்ற எண்ணே தேவையில்லை. மொத்தத்தை 100 என்று வைத்தால் முதல் ஆண்டு 45, 30, 25. இரண்டாம் ஆண்டு மொத்தம் 125, குடும்பம் 50, நுகர்வோர் 30, மீதி 45. முப்பது நாற்பத்தைந்தானது. கேள்விகள் எல்லாமே சதவீதத்திலும் விகிதத்திலும் மட்டும் இருந்தால் நூறை வைத்தே முடித்துவிடலாம்.

அடுத்தது, குடும்ப வழக்குகளின் எண்ணிக்கை எத்தனை சதவீதம் மாறியது? பங்கு 45இலிருந்து 40 ஆகக் குறைந்ததால், எண்ணிக்கையும் குறைந்தது என்று மனம் சொல்லும். ஆனால் 540, 600 ஆகியிருக்கிறது. 60 கூடுதல், ஒன்பதில் ஒரு பங்கு, 11.1 சதவீதம் ஏற்றம். பங்கு எவ்வளவு சதவீதம் குறைந்தது என்று கேட்டாலோ, 45இல் 5, அதுவும் ஒன்பதில் ஒரு பங்கு, 11.1 சதவீத இறக்கம். பங்கு எத்தனை சதவீதப் புள்ளி குறைந்தது என்றால் 5. ஒரே வாக்கியத்திலிருந்து மூன்று கேள்வி, மூன்று விடை. சதவீதத்துக்கும் சதவீதப் புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடக் கச்சிதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, தொழிலாளர் வழக்குகளில் எத்தனை சதவீதம் முடிந்தன? இதைப் பத்தி நேரடியாகச் சொல்லவில்லை. மொத்தம் முடிந்தவை 900. குடும்பத்தில் 360, நுகர்வோரில் 240 போக மீதி 300. 540இல் 300, ஒன்பதில் ஐந்து, 55.6 சதவீதம்.

தினமும் இப்படி ஒரே ஒரு பத்தி. முதல் மாதம் கடிகாரம் வேண்டாம். அதில் ஒரு வாரம் மட்டும் விடையே போடாமல், பத்து பத்திகளை வெறும் அட்டவணையாக மாற்றிப் பழகுங்கள். விடை காணாமல் விடுவது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் தப்பு நடக்கும் இடம் எதுவோ அதைத்தான் பழக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஆங்கிலத்தைக் கவனித்தல்

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இது தனியாகத் தேவைப்படும். இளநிலை கிளாட் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. கணக்குத் தெரிந்திருந்தும் ஒரு சின்னச் சொல் கவிழ்த்துவிடும்.

'இன்கிரீஸ்டு டு 40' என்றால் 40 ஆகிவிட்டது. 'இன்கிரீஸ்டு பை 40' என்றால் இருப்பதோடு 40 சேர்ந்தது. 'ஆஃப் தி ரிமெய்னிங்' என்று வந்தால் சதவீதம் மொத்தத்தில் அல்ல, மிச்சத்தில். 'ரெஸ்பெக்டிவ்லி' என்று வந்தால் வரிசை மாறாமல் பொருத்த வேண்டும். 'அட் லீஸ்ட்' அந்த எண்ணையும் சேர்த்துக்கொள்ளும், 'மோர் தன்' சேர்த்துக்கொள்ளாது. 'டைம்ஸ் ஆஸ் மெனி ஆஸ்' வந்தால் எது பெரியது என்று ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

என் சித்தி மகன் ஒருவன் பத்தாம் வகுப்புக் கணக்கில் கெட்டிக்காரன். மாதிரித் தேர்வில் மட்டும் பாதிக்குப் பாதி போய்விடும். அவனுடைய தாள்களை உட்கார்ந்து பார்த்தபோது, பெரும்பாலான பிழைகள் 'ஆஃப் தி ரிமெய்னிங்' வரும் இடங்களில் இருந்தன. அதற்கப்புறம் அந்தச் சொல்லைக் கண்டாலே வட்டம் போடச் சொன்னேன். வேறு எதையும் நான் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

நான்காம் படி: மற்ற பாடங்கள், வேகமாக

சராசரியில் ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு சராசரிகளைக் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். 60 பேரின் சராசரி 48, 40 பேரின் சராசரி 58 என்றால் மொத்தச் சராசரி 53 அல்ல, 52. வேகத்திலும் அதே கதைதான். போகும்போது மணிக்கு 40, வரும்போது 60 என்றால் சராசரி 48, ஐம்பது அல்ல.

லாப நஷ்டத்தைப் பெருக்கலாகப் பாருங்கள். அடக்க விலைக்கு மேல் 40 சதவீதம் ஏற்றிக் குறித்து, 25 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் 1.4 பெருக்கல் 0.75, அதாவது 1.05. ஐந்து சதவீத லாபம்.

வேலைக் கணக்குக்கு மீச்சிறு பொது மடங்கு. ஒருவருக்கு 12 நாள், இன்னொருவருக்கு 18 நாள் என்றால் மொத்த வேலை 36 பங்கு. ஒரு நாளைக்கு முறையே 3, 2. சேர்ந்தால் 5, ஆக 7.2 நாள்.

பரப்பளவில் சூத்திரம் மட்டும் போதாது, மாற்றமும் தெரிய வேண்டும். பக்கம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, கனஅளவு எட்டு மடங்கு. வட்ட வரைபடத்தில் ஒரு சதவீதம் 3.6 பாகை. 72 பாகை என்றால் 20 சதவீதம், 54 பாகை என்றால் 15.

ஐந்தாம் படி: கடிகாரம்

ஒரு மாதம் கழித்து நேரத்தைக் கொண்டு வாருங்கள். ஒரு பத்திக்கு, அதாவது ஐந்து ஆறு கேள்விகளுக்கு, ஆரம்பத்தில் பத்து நிமிடம். பிறகு எட்டு, பிறகு ஏழு. அதற்குக் கீழே இழுக்க முயற்சி செய்யாதீர்கள். தாள் முழுக்க சராசரியாகக் கேள்விக்கு ஒரு நிமிடம்தான் என்றாலும், கணக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து நடப்பு நிகழ்வுகளில் மிச்சம் பிடிப்பதுதான் நடைமுறை. அங்கே தெரிந்தால் அரை நிமிடம், தெரியாவிட்டால் யோசித்தும் பயனில்லை.

கணக்கை எப்போது எடுப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. கடைசிக்கு வைக்காதீர்கள் என்பது என் கட்சி. ஒன்றரை மணி நேரம் வாசித்துக் களைத்த மூளைக்கு 'முந்தைய ஆண்டைவிட' என்ற சொல் கண்ணில் படாது. நான் ஒரு மாதிரித் தேர்வில் அப்படி வைத்து, எட்டு நிமிடம் மிச்சம் இருக்கையில் பதறிப்போய் ஒரு முழுப் பத்தியின் விடைகளையும் ஒரு வரிசை தள்ளி நிரப்பிவிட்டேன்.

ஆறாம் படி: பிழை நோட்டு

தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி. விடையை எழுத வேண்டாம், எந்த இடத்தில் வழுக்கியது என்று மட்டும் எழுதுங்கள். 'அடி எண் தப்பு' (எதில் சதவீதம் என்பதை மாற்றி எடுத்தது), 'பெருக்கல் தப்பு', 'கேட்டது முடியாதவை, நான் போட்டது முடிந்தவை', 'முறை தெரியவில்லை' என்பது போல. 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதாதீர்கள். அது எல்லாவற்றையும் மூடி மறைக்கும் சொல். பத்து நாளுக்கு ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 'முறை தெரியவில்லை' அதிகமென்றால் பாடநூலுக்குத் திரும்புங்கள். 'அடி எண் தப்பு' அதிகமென்றால் புதுக் கணக்கு போடுவதை நிறுத்திவிட்டு அட்டவணைப் பயிற்சிக்குப் போங்கள்.

ஊகிக்கலாமா?

இதையே ஒரு கணக்காகப் போடலாம். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நான்கில் ஒருமுறை 1 கிடைக்கும், மூன்று முறை 0.25 போகும். சராசரியாக ஒரு கேள்விக்கு 0.06 லாபம், ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு விடையை நீக்க முடிந்தால் 0.17, இரண்டை நீக்கினால் 0.375. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கில் தப்பு விடைகள் சும்மா இருப்பதில்லை. நாம் செய்யும் பிழைகளுக்கென்றே வடித்து வைத்தவை. 'பார்த்தால் சரி போலத் தோன்றுகிறது' என்ற நம்பிக்கையில் தொடுவது கண்ணை மூடித் தொடுவதைவிட மோசமாக முடியலாம். உத்தேசக் கணக்கால் இரண்டை நீக்க முடிந்தால் தொடுங்கள், இல்லையென்றால் நகருங்கள்.

கேள்விகளுக்கு எங்கே போவது

2020 முதல் நடந்த கிளாட் கேள்வித்தாள்கள்தான் முதல் சொத்து. அவற்றை ஆரம்பத்திலேயே தின்று தீர்த்துவிடாதீர்கள். ஒன்றிரண்டை வடிவம் புரிய வைத்துக்கொண்டு, மற்றதைக் கடைசி ஆறு வாரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். 2020 முதல் 2023 வரையிலான சேர்க்கைகளுக்கான தாள்கள் 150 கேள்விகள் கொண்டவை. டிசம்பர் 2023இல் நடந்த, 2024ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கான தேர்விலிருந்துதான் 120. பழைய தாளை வைத்து நேரம் பார்க்கும்போது இதை மறக்க வேண்டாம்.

அப்புறம், நீங்களே கேள்வி தயாரிப்பது. இதை யாரும் செய்வதில்லை, அதனாலேயே அழுத்திச் சொல்கிறேன். நிலுவை வழக்குகளின் எண்ணிக்கையைக் காட்டும் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு இணையத்தில் திறந்தே கிடக்கிறது. மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையும் அப்படித்தான். ஏதாவது ஓர் அட்டவணையை எடுத்து, அதிலிருந்து நான்கு கேள்வி எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று தப்பு விடைகளையும் தயாரியுங்கள். அந்தத் தப்பு விடைகளை வாய்க்கு வந்த எண்ணாகப் போடக் கூடாது. அடி எண்ணை மாற்றி வாசித்தால் என்ன வரும், மிச்சத்துக்குப் பதில் மொத்தத்தில் போட்டால் என்ன வரும் என்று கணக்கிட்டு வையுங்கள். இரண்டு பேர் சேர்ந்து படித்தால் கேள்விகளை மாற்றிக்கொள்ளலாம். நண்பர் எந்தப் பொறியில் விழுகிறார் என்று பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அவர் வைத்த பொறியில் நாம் விழும்போது, பிழை நோட்டில் இன்னொரு வரி.